பொட்டு வைத்த கயிறு

செப்டம்பர் 22, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேற்கே கறுத்துக்கொண்டு நிற்கிறது, பெய்யவில்லை. வலது முழங்கால் வலி. வாங்க: தைலம், ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள், கொண்டைக்கடலை (இன்று கொலு ஆரம்பம், வீட்டில் செல்வி இரண்டு தடவை சொல்லிவிட்டாள்).

ரொம்ப நாளைக்குப் பிறகு நெல் சேமிக்கும் சைலோவின் உச்சிக்கு ஏறினேன். முப்பத்தொரு மீட்டர், கூண்டு ஏணி. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கீழே யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மேலே நல்ல காற்று. நான்கு பக்கமும் குறுவை அறுப்பு, வாய்க்கால் ஓரம் வரிசையாக லாரிகள்.

காப்பீட்டு ஆய்வாளர் 30-ஆம் தேதி வருகிறார். அதனால் நவம்பரில் வரவேண்டிய வருடாந்திரச் சோதனையை இப்போதே முடித்து அட்டையில் கையெழுத்துப் போடச் சொல்லி, பாதுகாப்பு அலுவலரான எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டது சு. அவன் பெயரை முழுதாக எழுத இந்த நோட்டில் இடம் தர மாட்டேன். என்னிடம் பயிற்சிக்கு வந்தவன். போன அக்டோபரிலிருந்து எனக்கு மேலே ஆலை மேலாளர்.

சோதிக்க வேண்டியது மேல்தளத்தில் மாட்டியிருக்கும் மஞ்சள் பெட்டி. உள்ளே இறங்கு கருவி: உள்ளங்கையளவு பிரேக் சக்கரம், அதன் வழியாக ஓடும் கயிறு, கயிற்றின் இரு முனையிலும் கொக்கி, அக்குளுக்கடியில் மாட்டும் பட்டை. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட் தீப்பிடித்தால் ஏணி முழுக்கப் புகையாகிவிடும். அப்போது மேலே நிற்கிறவனுக்குக் கீழே வர இது ஒன்றுதான் வழி. பட்டையை மாட்டிக்கொண்டு விளிம்பைத் தாண்டினால் பிரேக் ஒரே வேகத்தில் இறக்கிவிடும். கயிறு சரியாக இருந்தால்.

பெட்டியில் சீல் இல்லை. அந்த இடத்தில் கட்டுக்கம்பி. திறந்தால்:

பிரேக் மூடி மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.
கயிறு நுழையும் துளையில் குங்குமத்தூள், கல் மாதிரி.
பட்டைத் தையலில் மஞ்சள் கறை. லேபிளில் பாதி படிக்க முடியவில்லை.
கயிற்றில் ஒரு சாண் நீளம் கருகி உருகிய கட்டி. வளைத்தால் வளையவில்லை.
டீசல் வாடை.

கீழே வந்து வீரையனைக் கூப்பிட்டேன். மேல்தளத்து ஆபரேட்டர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், கீழ்வேளூர்ப் பக்கம்.

“யாரு வீரையன் அந்தப் பொட்டியத் தொறந்தது?”

“நாந்தான் சார். போன வருசம் ஆயுத பூசைக்கு. எல்லா மிசினுக்கும் பொட்டு வெச்சுட்டு அத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? உசுரக் காப்பாத்துற சாமானாச்சே.”

“சூடம்?”

“வெத்தல மேல வெச்சுதான் ஏத்துனேன் சார். வெத்தல சுருண்டுக்கிச்சு.”

“அப்புறம்?”

“டீசல் துணியால நல்லாத் தொடச்சேனே!”

பெருமையாகத்தான் சொன்னார்.

கடலை வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடியற்காலை தூறல், பிறகு வெயில். ஈரப்பதம் அதிகம் என்று நெல்லோடு நான்கு லாரி திரும்பிப் போயிற்று. வாசலில் சத்தம்.

சு. அறையில் பத்து நிமிடம். கண்ணாடி மேசை, அதன் மேல் அவனுடைய விருதுக் கேடயம். அந்த விருதுக்கான அறிக்கையை எழுதியவன் நான்.

“அண்ணே, கொஞ்சம் கருகியிருக்கு, அவ்ளோதானே. புது சீல் ஒண்ணு மாட்டிட்டு அட்டைல கையெழுத்துப் போட்டுருங்க.”

ஏதாவது வேண்டுமென்றால் அண்ணே. கூட்டத்தில் என்றால் பெயருக்கு முன்னால் மிஸ்டர்.

“போட மாட்டேன்.”

“இத்தனை வருசத்துல யாராவது அதுல எறங்கியிருக்காங்களா? சும்மா தொங்குற பொட்டிண்ணே அது.”

“அப்ப நீங்க எறங்கிக் காட்டுங்க. உங்க கால் தரையில பட்ட நிமிசம் கையெழுத்துப் போடறேன்.”

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு: “உங்களுக்கு எம்மேல கோவம். அதக் கயித்து மேல காட்டாதீங்க.”

எழுந்து வந்துவிட்டேன். அப்போது தோன்றாத பதில்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஆறு தோன்றின. எல்லாம் நல்ல பதில்கள்.

செப்டம்பர் 24, புதன்

வெயில். முழங்கால் பரவாயில்லை.

சலீம் பாய் வந்தார். எலிவேட்டர் பழுது பார்க்க வெளியிலிருந்து வருகிறவர், முத்துப்பேட்டை. வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகளின் உச்சியில் பதினான்கு வருடம். இந்தக் கருவியில் நிஜமாகவே இறங்கிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து.

பெட்டியைக் கீழே இறக்கி ஆபீஸ் மேசையில் வைத்தோம். கயிற்றை முழுக்கப் பெட்டிக்கு வெளியே எடுத்து, கையுறை இல்லாமல் விரலிடுக்கில் ஓடவிட்டார். அப்படித்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்: எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, எங்கே உள்நூல் அறுந்து தொளதொளக்கிறது. கொக்கிகளைத் திறந்து விட்டார். ஒன்று தானாக மூடிப் பூட்டிக்கொண்டது. இன்னொன்று குங்குமத்தில் சிக்கிப் பாதியில் நின்றது. பிறகு கயிற்றை இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தார். ஒரே சீராக இறுக்கம் கொடுக்க வேண்டும். கொடுத்தது, கருகிய கட்டி துளைக்கு வரும் வரை. அங்கே டக்கென்று நின்றுவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை.

“பாத்தீங்களா சார். தரைக்கு இருவது மீட்டர் இருக்கையில நிப்பாட்டிரும். மேலயும் போவ முடியாது, கீழயும் வர முடியாது. பொகையில ஊஞ்சல் ஆட வேண்டியதுதான்.”

“டீசல்?”

“அது வேற. நூலோட தெம்பு எவ்வளவு போச்சுன்னு பாத்தா தெரியாது. தெரியாததுல ஆளத் தொங்க விடலாமா? அங்கெல்லாம் இப்படி ஒண்ண கையில வெச்சிருந்தாலே அன்னிக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுருவான்.”

தயாரித்தவர்களின் சர்வீஸ் ஆட்களுக்குப் போன் செய்தேன். நாமாகக் கயிறு மாற்றக் கூடாது. கருவியை அனுப்பினால் பிரித்துச் சுத்தம் செய்து, புதுக் கயிறு போட்டு, சோதித்துச் சீல் வைத்துத் தருவார்கள். பழைய கயிற்றை வெட்டிப் போட்டுவிட வேண்டும், வேறு எதற்கும் யாரும் எடுத்துவிடாதபடி. இரண்டு வாரம் ஆகும்.

இரண்டு வாரம் என்றதும் சு.வின் முகம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் சு. கூப்பிட்டான். கதவைச் சாத்தச் சொன்னான். மேசைமேல் சோதனை அட்டை. போன வருடத்து வரியின் மேல் விரலை வைத்தான். நவம்பர் மாதம். கயிறு: சரி. கொக்கி: சரி. பட்டை, தையல்: சரி. சீல்: உள்ளது. கையெழுத்து: என்னுடையது.

“ஆயுத பூசை அக்டோபர்ல. நீங்க பாத்தது நவம்பர்ல. அப்ப இந்தக் கருகலெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியலியாண்ணே?”

நான் ஏறவில்லை. அதுதான் உண்மை. பதவிப் பட்டியல் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருடம் வேலை செய்தவனைத் தாண்டி அவனைப் போட்டார்கள். இவர்களுக்காக நான் ஏன் முப்பத்தொரு மீட்டர் ஏற வேண்டும் என்று நினைத்தேன். மேசையில் உட்கார்ந்தபடி எல்லாக் கட்டத்திலும் ‘சரி’ எழுதினேன். சீலைக்கூடப் பார்க்காமல் ‘உள்ளது’. எழுதும்போது ஒரு திருப்தி இருந்தது, அதுவும் நினைவிருக்கிறது. இவர்களைப் பழிவாங்கிவிட்ட மாதிரி.

சு. மெதுவாகச் சொன்னான்: “பழசை நான் யார்கிட்டயும் காட்டப் போறதில்ல. இந்த வருசத்துக்கு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா பழச எடுத்துப் பாக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வராது. கருவியப் பொங்கல் கழிஞ்சு சர்வீசுக்கு அனுப்பிக்குவோம். உங்களுக்கு இன்னும் அஞ்சு வருசம் சர்வீஸ் இருக்கு. யோசிங்க.”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ‘மாட்டேன்’ வரவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. செல்வி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கழுவப் போட்டாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

நல்ல மழை, மாலை நான்கு முதல் ஐந்து வரை. கொட்டகையில் ஒதுங்கினேன். அங்கே வீரையன், தார்ப்பாயில் உட்கார்ந்து கொலுச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். தாளைக் கிழித்து எனக்குப் பாதி.

சும்மா பேச்சு. மகள் பிரசவம், மழைக்கு முன் அறுத்தவன் பிழைத்தான், இதெல்லாம். பிறகு, பிப்ரவரியில் சம்பா நெல் ஏறும்போது எலிவேட்டர் பெல்ட் உரசிப் புகைந்ததே, அதைப் பற்றி நானே கேட்டேன். அன்று மேலே நின்றவர் அவர். ஏணி வழியாகவே புகைக்குள் இறங்கி வந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. நான் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு.

“ஏன் வீரையன், அன்னிக்கு அந்தப் பொட்டியத் தொறக்கல?”

“தொறந்தேனே சார்.”

“என்னது?”

“தொறந்து பட்டைய எடுத்தேன். தலையில மாட்டுறதா, இடுப்புல மாட்டுறதான்னு தெரியல. ரெண்டு கொக்கி இருக்கா, எத மேல மாட்டணும், எத நம்ம மேல மாட்டணும்? தப்பா மாட்டிக் குதிச்சுட்டா? பொக வேற கண்ணக் கட்டுது. திரும்ப உள்ள வெச்சுட்டு மாரியம்மான்னு ஏணியில எறங்கிட்டேன்.”

“யாரும் சொல்லித் தரலையா?”

கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டார். “நீங்கதான சார் சொல்லித் தரணும்.”

குற்றமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்கிற மாதிரி.

தெரியாமல் போனதால் அவர் உயிரோடு சுண்டல் தின்கிறார். தெரிந்திருந்தால், நான் ‘சரி’ எழுதிய கயிற்றை நம்பி விளிம்பைத் தாண்டியிருப்பார். பதினோரு மீட்டர் கீழே நின்றிருப்பார், புகைக்குள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 27, சனி

மறக்கக் கூடாதவை என்று இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பதினேழு வரி. தூசிக்கு உறிஞ்சி கேட்டு நான் எழுதிய கடிதத்தைக் குப்பையில் போட்டவர். என் படிப்பைக் கேலி செய்தவர். சு., நான்கு இடத்தில். இன்று பதினெட்டாவது எழுதினேன். என் பெயர், நவம்பர் மாதம்.

மற்ற பதினேழையும் அடிக்கவில்லை. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஊர் முழுக்க ஒலிபெருக்கி. ஸ்கூட்டருக்கு கேபிள் மாற்றியாயிற்று.

அறிக்கை எழுதி முடித்தேன். மூன்று பக்கம். முதல் பக்கம் கருவியின் நிலை, படங்களுடன். இரண்டாவது, இனி செய்ய வேண்டியவை: மாதம் ஒரு முறை சீலும் பெட்டியும் பார்ப்பது, வருடம் ஒரு முறை தகுதி பெற்ற ஆள் முழுதும் பிரித்துப் பார்ப்பது, ஒரு தடவை யாராவது இறங்கினாலும் உடனே சோதனைக்கு அனுப்புவது, சாமான் இறக்க இதைத் தொடாமல் இருப்பது, பழகுவதற்கு வேறொரு கருவி, இந்தச் சீலை உடைக்காமல், மேலே போகிற ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பட்டை மாட்டத் தெரிந்திருப்பது. மூன்றாவது பக்கத்தில் ஒரே பத்தி. போன நவம்பரில் ஏறாமல் கையெழுத்துப் போட்டேன் என்பது. காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் சாக்கு ஆகிவிடும்.

செல்வி படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“ஏங்க, இந்த மூணாவது பக்கம் அவசியமா?”

“அது இல்லாட்டி மத்த ரெண்டும் பொய்.”

“வேலைய விட்டு எடுத்துட்டா?”

“எடுக்கட்டும்.”

“உங்களுக்குச் சண்டை போட யாராவது வேணும். இத்தனை நாள் ஊரோட போட்டீங்க. இப்ப உங்களோடயே ஆரம்பிச்சுட்டீங்க.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு: “பரவால்ல. இதுலயாவது நியாயம் இருக்கு.”

திருமணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளில் இது மூன்றாவதோ நான்காவதோ.

செப்டம்பர் 29, திங்கள்

ஏழு மணிக்கே ஆலை. ஏணிக் கூண்டின் வாசலில் என் சொந்தப் பூட்டு (வீட்டு மாடிக் கதவுப் பூட்டு, மாடி இப்போது திறந்து கிடக்கிறது). சிவப்பு அட்டை: ‘மேல்தளம் மூடப்பட்டது. இறங்கு கருவி இல்லை.’ சாவி சட்டைப் பையில், பையில் ஊக்கு.

சு. வாசலுக்கே வந்தான். ஆட்கள் முன்னால்.

“மிஸ்டர், பூட்டத் தொறங்க. நெல்லு ஏத்தணும்.”

“கீழ குடோன்ல மூட்டையா அடுக்குங்க.”

“யாரக் கேட்டுப் பூட்டுனீங்க?”

“உங்களக் கேட்டா தொறக்கச் சொல்லுவீங்க. அதான் கேக்கல.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். சு. திரும்பி, “வீரையன், பூட்ட ஒடைங்க” என்றான்.

வீரையன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி மடித்துக் கட்டினார். “ஒடைக்கலாங்க. ஒடைச்சுட்டு யாரு மேல ஏறுறது? நான் ஏறலீங்க.”

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் மூட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சு. என்னைப் பார்க்காமலே நடந்து போனான். நவம்பர் அட்டையை நகல் எடுக்கச் சொன்னதாக ஆபீஸில் பேச்சு.

எடுக்கட்டும். என் அறிக்கையோடு ஏற்கெனவே ஒரு நகல் இணைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வெயில், காற்றில்லை. ஆய்வாளர் பதினொன்றுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், மோர் மட்டும் குடித்தார்.

சு. முந்திக்கொண்டு அட்டை நகலை எடுத்து வைத்தான். “சார், இது எங்க பாதுகாப்பு அலுவலர் போன வருசம் செஞ்ச...”

“படிச்சுட்டேன்,” என்றார் ஆய்வாளர். “அவரே எழுதிக் குடுத்துருக்காரு. காலையில மெயில்ல வந்துச்சு.”

சு.வின் வாய் ஒரு கணம் திறந்தே இருந்தது. பட்டியலில் இதற்கும் ஒரு வரி வேண்டும். வேறு தலைப்பில்.

ஆய்வாளர் என்னிடம் நயமாகப் பேசவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டார். “படிச்சவங்கதானே நீங்க? ஏறாம எப்படிங்க எழுதுனீங்க?” நின்று வாங்கிக்கொண்டேன். தலையைக் குனியவில்லை, நிமிரவும் இல்லை.

முடிவு: கருவி சர்வீஸ் முடிந்து வந்து மேலே மாட்டும் வரை உச்சியில் யாரும் கால் வைக்கக் கூடாது. பழைய கயிறு அழிக்கப்பட வேண்டும். மேலே போகிறவர்களுக்குப் பயிற்சி.

மூன்று மணிக்கு எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். ஏழு நாள் அவகாசம். சு.வின் கையெழுத்து, அந்த வளைவு நெளிவெல்லாம் நான் கற்றுக்கொடுத்தது போலவே.

கயிற்றை உருவிவிட்டு, கருவியை மட்டும் அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்பியாயிற்று; மஞ்சள் பெட்டி இங்கேயே. கயிறு என் மேசைக்கடியில் இருக்கிறது. இதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு மாட்டுக்கு, ஒருவருக்குப் படகுக்கு, ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவ இறங்குவதற்கு. கடைசி ஆளைப் பார்த்து நான் கத்தியது வாசல் வரை கேட்டதாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வானம் கழுவிவிட்ட மாதிரி. வாழைமரம், மாவிலை, பொரி கடலை.

மெஷின் வரிசைக்கு முன்னால் கருவிகளைப் பரப்பியிருந்தார்கள். ஸ்பேனர், தராசு, குத்தூசி, மட்டை வெட்டும் அரிவாள். எல்லாவற்றுக்கும் பொட்டு. பூசை ஆன பிறகு நாளைக் காலை வரை எதையும் எடுக்கக் கூடாது.

வீரையன் தட்டோடு வந்தார். “சார், அந்தக் காலிப் பொட்டிக்கு வைக்கலாமா?”

“வெளிய வைங்க. மூடி மேல. உள்ள ஒண்ணும் கூடாது. சூடம் தரையில.”

“உள்ள ஒண்ணும் கூடாது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியில் மூன்று பட்டை சந்தனம் இழுத்தார். பூசைக்கு முன்பு அரை மணி நேரம் அவரையும் மற்ற இரண்டு ஆபரேட்டரையும் தரையில் நிறுத்தி, சலீம் பாயின் பட்டையை வைத்துப் பழக்கியிருந்தேன். பிரேக் மேல்தளத்து வளையத்துக்கு, கயிற்றுக் கொக்கி நெஞ்சுக்கு, இழுத்துப் பார், அப்புறம்தான் விளிம்பு. நான்காவது தடவை வீரையன் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினார்.

சூடம் காட்டி முடித்ததும் சு. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அந்தப் பழைய கயித்தப் பொட்டில சுருட்டி வெச்சு மூடிருங்க. நாளன்னிக்கு எம்.டி. வர்றாரு. தொறந்தா காலியா இருந்தா அசிங்கம். புதுசு வந்ததும் எடுத்துக்கலாம்.”

நான் மேசைக்கடியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தேன். உள்ளே வைக்கத்தான் எடுத்து வருகிறேன் என்று நினைத்திருப்பான். வாசலில் கிடந்த வாழைக்கட்டை மேல் போட்டேன். வெட்ட ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தேன். வெட்டுகிறது எல்லாம் பொட்டோடு சாமி முன்னால் படுத்திருந்தது.

“இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுண்ணே,” என்றான் சு. சிரித்துக்கொண்டே. “நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நாளைக்குள் அது பெட்டிக்குள் போய்விடும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீரையன் தட்டைக் கீழே வைத்தார். சாமிக்கு முன்னால் போய் நின்றார், கன்னத்தில் இரண்டு தடவை போட்டுக்கொண்டார், வரிசையிலிருந்து அரிவாளை எடுத்தார். சந்தனம் இன்னும் ஈரம். என் கையில் கொடுத்தார்.

“வெட்டுங்க சார். சாமிகிட்ட நான் சொல்லிட்டேன்.”

வெட்டினேன். முதல் வெட்டு சறுக்கியது, இரண்டாவது இறங்கியது. ஒரு முழம், ஒரு முழமாக. நல்ல கயிறு, லேசில் போகவில்லை. தோள் வலி, முழங்கால் வலி. சு. பாதியிலேயே போய்விட்டான். முடிக்கும்போது என் சட்டையெல்லாம் சந்தனம்.

வீரையன் ஒரு துண்டு கேட்டார். பூசை அறையில் வைக்கவாம்.

கொடுத்தேன். ஒரு முழம். அதை நம்பி யாரும் இறங்க முடியாது.